தரம் பிரிக்கும் ஜின்

அத்தியாயம் ஐந்து

மழை நாட்களில் அந்தக் கட்டடத்துக்கு ஆடுகள் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வரிசையாக வந்து வாசலில் நின்று, தங்கள் தோல் எங்கே போயிற்று என்று விசாரிக்குமாம். ‘இத்தாலிக்குப் போய்விட்டது’ என்று யாராவது பதில் சொன்னால், கேட்டுக்கொண்டு மரியாதையாகத் திரும்பிவிடுமாம். இதுவரை யாரையும் முட்டியதில்லை. ஆம்பூர் ஆடுகள் அப்படித்தான்.

கட்டடம் ஊருக்கு வெளியே பாலாற்றைப் பார்த்தபடி நின்றது. முன்பு தோல் பதனிடும் ஆலை. இப்போது ‘பாஷா ஆய்வுக்கூடம்’. தொட்டிகளை மூடித் தரை போட்டாயிற்று. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஆனாலும் மேகம் கறுத்தால் போதும், தரைக்கு அடியிலிருந்து பச்சைத் தோல் வாடை எழுந்து, வேலையை விட்டு நின்ற ஆளைப் போல அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கிவிடும்.

அஃப்ஸர் ஜஹான் குடையை மடக்கி, வாசலில் நின்று ஒருமுறை முகர்ந்தார். ஆயுள் முழுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த ஆலைகளின் சாம்பலைக் கிளறியவர். தானாக எரிந்த ஆலைக்கும் ஏற்பாடாக எரிந்த ஆலைக்கும் சாம்பலிலேயே வாசனை வேறு என்பார். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலூரில் துப்பறியும் நிலையம் திறந்தார். வாசலில் பலகை வைக்கவில்லை. இடத்தையே கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்கு வேறு எதைக் கண்டுபிடித்துக் கொடுத்து என்ன பயன் என்பது அவர் கட்சி.

“இன்னா ஆபா, உள்ள போலாமா, இல்ல ஆடு வந்து கூட்டிட்டுப் போவணுமா?” என்றான் மதியழகன். அவரை அக்கா முறையில் ‘ஆபா’ என்றே கூப்பிடும் உதவியாளன். முன்பு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவன். டாக்டர்களின் வாசலில் காத்திருந்து காத்திருந்து வாய் நீண்டுவிட்டது.

“நீ முன்னால போ மதி. முட்டினா உன்னை முட்டட்டும்.”

விவகாரம் இதுதான். டேனரியில் தோல் பதமாக்கும் குரோம் தண்ணீரில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கு விரலில் குழி குழியாகப் புண் விழும், சுலபத்தில் ஆறாது. அந்தப் புண்ணுக்கு இங்கே சங்கீதா என்ற இளம் விஞ்ஞானி ஒரு களிம்பு கண்டுபிடித்திருந்தாள். எலிகளை மயக்கி, முதுகில் சிறு காயம் செய்து தடவிப் பார்த்தாள். மருந்து தடவிய எலிகளுக்குச் சீக்கிரம் ஆறியது. மருந்து கலக்காத வெறும் களிம்பு தடவிய எலிகளுக்கு மெதுவாகத்தான் ஆறியது. ஒரு தடவை அல்ல, செய்த ஒவ்வொரு தடவையும்.

மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு கூடத்தில் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். பெங்களூரில் செய்தார்கள். அதே களிம்பு, அதே ஜாதி எலி. இரண்டு பக்கத்து எலிகளுக்கும் ஒரே வேகத்தில் ஆறிற்று.

ஆம்பூரில் வேலை செய்கிற மருந்து ஜோலார்பேட்டை தாண்டியதும் ஏன் படுத்துக்கொண்டது? முதலாளி வாஹித் பாஷா ஹாஜியாரிடம் ஒரே பதில்தான் இருந்தது: பெண் கணக்கை மாற்றி எழுதிவிட்டாள். இன்று மதியம் பெங்களூர் டாக்டர் போன் செய்வார். அதற்குள் ஆதாரம் வேண்டும் என்று அஃப்ஸர் ஜஹானை வரவழைத்தவரே அவர்தான். ஆதாரம் கிடைக்காவிட்டாலும் அதைத்தான் சொல்லப் போவதாக இருந்தார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து போய்விட்டால், அதன்பின் எந்த ஊர்க் கூடமும் சங்கீதாவை வாசல் தாண்ட விடாது.

எலி அறை பழைய செலக்‌ஷன் ஹாலில் இருந்தது. பதமான தோல்களை மேசையில் விரித்து, தடவி, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கும் கூடம் அது. வடக்குப் பார்த்த உயரமான கண்ணாடி ஜன்னல்கள் அப்படியே இருந்தன. அந்த வெளிச்சத்தில் எந்தக் குற்றமும் ஒளிய முடியாது என்பார்கள். தோலில் உள்ள குற்றத்தைச் சொல்கிறார்கள்.

சுவரோரம் இரண்டு தட்டு அலமாரி. மேல் தட்டில் ஒரு வரிசை கூண்டு, கீழ்த் தட்டில் ஒரு வரிசை. கூண்டுக்குள் வெள்ளை எலிகள். அலமாரியின் நான்கு கால்களிலும் கறுப்புக் கயிற்றில் தாவீஸ், அதாவது மந்திரித்த தாயத்து, கட்டியிருந்தது.

“இதுங்களுக்கு இன்னா, நிக்காவா?” என்றான் மதி.

“பாதுகாப்புக்கு,” என்றான் தபரேஸ். எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, அறையைப் பார்த்துக்கொள்பவன். நாற்பது வயதிருக்கும். அவன் கழுத்திலும் இரண்டு கையிலும் தாவீஸ் இருந்தது. “இங்க ஜின் இருக்குது.”

“எலி மேல ஜின்னுக்கு இன்னாபா ஆசை? பூனை ஜின்னா?”

“சிரிக்காதீங்கண்ணே. விடியக்காலை ஃபஜர் தொழுகை முடிஞ்ச நேரத்துக்கு வரும். நான் வாசல் கேட்டுக்கிட்ட உக்காந்திருப்பேன். உள்ள கூண்டு மூடி டிக்குனு கேக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மறுபடி டிக்கு. நான் போய்ப் பாக்குறப்ப யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா எலிங்க இடம் மாறியிருக்கும்.”

அஃப்ஸர் ஜஹான் திரும்பினார். “இடம் மாறுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் வெள்ளை எலிதானே?”

“நொண்டி எலி ஒண்ணு வந்துச்சு ஆபா. பார்க்கப் பாவமா இருந்துச்சு. கண்ணு படாம இருக்கட்டும்னு வால்ல மெஹந்தி வெச்சேன். நல்லா வெளிச்சம் வரட்டும்னு மேல் தட்டுல ஜன்னலோரம் விட்டேன். மறுநாள் பார்த்தா கீழ்த் தட்டுல, கடைசிக் கூண்டுல இருக்குது. மூடி போட்டது போட்டபடி இருக்குது. மறுபடி மேல வெச்சேன். மறுபடி கீழ போய்டுச்சு.”

“அதுவே இறங்கியிருக்கும். நொண்டிக்கு மாடி எதுக்கு?” என்றான் மதி.

தபரேஸ் குரலைத் தாழ்த்தினான். “இந்த ஹால்ல சமீருல்லா மேஸ்திரின்னு ஒருத்தர் இருந்தாரு. செலக்‌ஷன் மேஸ்திரி. கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே தரம் சொல்லுவாராம். ஒருநாள் பாதித் தோல் பிரிச்சிட்டிருக்கும்போதே மேசை மேல சாஞ்சு உயிரை விட்டுட்டாரு. மய்யித்தைத் தூக்கும்போதும் அவரு கட்டைவிரல் ஆடிட்டிருந்துச்சுன்னு எங்க வாப்பா சொல்வாரு. மீதித் தோலைத் தேடித்தான் வர்றாரு.”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. மழை இருட்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது. மின்விசிறி ஓய்ந்ததும், கூண்டுகளுக்குள் அதுவரை இருந்த பரபரப்பும் நின்றது. எலிகள் எல்லாம் பின்னங்காலில் எழுந்து நின்றன. நின்று, ஒரே திசையில் பார்த்தன. வந்த வாசலை அல்ல. அறையின் பின்பக்கம் இருந்த பழைய தேக்குக் கதவை.

கதவு சாத்தியே இருந்தது. அதன் பின்னால் காற்றில் ஏதோ உரசியது.

மதி அஃப்ஸர் ஜஹானின் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். குடை அவர் கையில் இருந்ததால் இருவரும் சேர்ந்து பிடித்தார்கள்.

“அந்தக் கதவு எங்க போகுது?”

“ஆபீஸ் பக்கம் ஆபா. அங்க தனி வாசல். சாவி எங்க மூணு பேர்கிட்டயும் இருக்குது. என்கிட்ட, சங்கீதாம்மாகிட்ட, ஹாஜியார்கிட்ட.”

கரண்டு வந்தது. எலிகள் மறுபடி ஓடியாடத் தொடங்கின. அஃப்ஸர் ஜஹான் அலமாரி அருகே போய்க் குனிந்தார். மேல் தட்டுக் கூண்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழ்த் தட்டை.

“மதி, நீ வந்து பாரு. உனக்கு எலியைப் பத்தி இன்னா தெரியும்?”

“என் ரூம்ல ஒண்ணு இருக்குது. வாடகையில பங்கு தர மாட்டேங்குது.”

“மேல இருக்கறதைப் பாரு. கீழ இருக்கறதைப் பாரு.”

மதி பார்த்தான். மேல் தட்டு எலிகள் உருண்டையாக, மெருகு போட்டதுபோல் இருந்தன. கீழ்த் தட்டில் ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. ஒன்று மூலையில் சுருண்டிருந்தது. கடைசிக் கூண்டில் மெஹந்தி வைத்த வாலோடு நொண்டி எலி, தூங்குகிற பாவனையில் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தது.

“மேல எல்லாம் பிரைவேட் ஸ்கூல் பசங்க மாதிரி இருக்குது ஆபா.”

“ம். உங்க ஜின்னுக்கு வேலை தெரியும் தபரேஸ்.”

தபரேஸ் மூன்று தாவீஸையும் ஒருமுறை தொட்டுக்கொண்டான்.

அஃப்ஸர் ஜஹான் அதோடு விடவில்லை. எலிகள் தண்ணீர் குடிக்கிற பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த துடைப்பங்களிடம் போய், சம்பந்தம் பேச வந்தவரைப் போல் நின்றார். பிறகு வெளியே வந்தார்.

சங்கீதா தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். ஆலங்காயத்துப் பெண். பாகாயம் பக்கம் விடுதியில் தங்கிப் படித்தவள். இரவு தூங்காத கண். வெள்ளைக் கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தாள்.

“என்னைக் கேள்வி கேக்கத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும் மேடம். கேளுங்க. நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தி எழுதலை.”

“மருந்து எந்த எலிக்கு, வெறும் களிம்பு எந்த எலிக்குன்னு எப்படிம்மா முடிவு பண்ற?”

அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை அது. “புது எலிங்க வந்ததும் ஒரு வாரம் சும்மா விட்டுடுவோம். இடம் பழகட்டும்னு. அப்புறம் காதுல நம்பர் போடுவோம். மேல் தட்டுக்கு மருந்து, கீழ்த் தட்டுக்கு வெறும் களிம்பு.”

“எப்பவுமா?”

“எப்பவும். மாத்தி மாத்திச் செஞ்சா கை தவறிடும்னு ஒரே ஒழுங்கா வெச்சிருக்கேன்.”

“சீட்டுப் போட்டுப் பிரிக்கிறதில்லையா?”

சங்கீதா சற்றுத் தயங்கினாள். “போடணும்னுதான் படிச்சிருக்கேன். ஆனா எல்லாம் ஒரே வளர்ப்பு, ஒரே வயசு. அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். எதை எடுத்தா என்னன்னு விட்டுட்டேன்.”

“பெங்களூர்ல?”

“அங்க சீட்டு. எந்த டப்பாவுல மருந்து இருக்குன்னு தடவுறவங்களுக்கே தெரியாது.”

“இங்க?”

“இங்க நான்தான் தடவுறேன். நான்தான் அளக்குறேன்.”

மதி தொண்டையைச் செருமினான். “தப்பா நினைக்காதீங்கம்மா. முதல் பெஞ்ச் பசங்களுக்கு மட்டும் டானிக் குடுத்துட்டு, டானிக்காலதான் பாஸானாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்?”

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு இருவரையும் தாண்டி எலி அறைக்குள் ஓடினாள். மூடிகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்தாள்.

“நான் எலிங்களைப் பார்த்ததே இல்ல மேடம்,” என்றாள் மெதுவாக. “முதுகைப் பார்த்திருக்கேன். காயத்தைப் பார்த்திருக்கேன். காயத்தோட அகலம் எனக்கு மனப்பாடம். எலியைப் பார்க்கலை.” சுவரில் சாய்ந்தாள். “யாரோ நல்லதா பார்த்து மேல வெச்சிருக்காங்க. மருந்து இல்லாமயே அதுங்களுக்குச் சீக்கிரம் ஆறியிருக்கும். அப்ப நான் இவ்வளவு நாளா இன்னா பார்த்துட்டிருந்தேன்?”

“அதை அப்புறம் யோசிக்கலாம். இப்ப வேற பேஜார் இருக்கு. எலியைப் பொறுக்கி வெச்சா லாபம் யாருக்கு?”

சங்கீதா தலையைத் தூக்கினாள்.

“களிம்பு கண்டுபிடிச்சவளுக்கு,” என்றார் அஃப்ஸர் ஜஹான். “சாவியும் அவகிட்ட இருக்கு. ஹாஜியார்கிட்ட நான் இதைச் சொன்னா அவரு கேட்ட ஆதாரம் இதுதான்னு எடுத்துக்குவாரு.”

“நான் தொடலை மேடம்.”

“எங்க இருப்ப விடியற நேரத்துல?”

“ஆலங்காயத்துல. பஸ்ஸுக்கு நின்னுட்டிருப்பேன். பக்கத்துல நிக்கறவங்க யாருக்கும் என் பேர் தெரியாது.”

வெளியே வந்ததும் மதி குடைக்குள் புகுந்தான். “ஆபா, நாம இந்தப் பொண்ணைக் காப்பாத்த வந்தோமா, புடிச்சுக் குடுக்க வந்தோமா? வந்த வேகத்துல மாட்டி வெச்சுட்டீங்களே.”

“அவ செய்யலை.”

“மூஞ்சியைப் பார்த்து சொல்றீங்களா?”

“பாட்டிலைப் பார்த்து சொல்றேன். மேல் தட்டுல இருக்கற தண்ணி பாட்டில் ஒண்ணுலகூட கீறல் இல்ல. கீறினது, மங்கினது எல்லாம் கீழ இருக்கு. மூலையில துடைப்பம் நிக்குதே, புதுசு முன்னால, தேஞ்சது பின்னால. ஏமாத்த நினைக்கிறவன் எலியைப் பொறுக்குவான் மதி. துடைப்பத்தை எதுக்குப் பொறுக்குறான்?”

மதி நின்றான். “அப்ப?”

“அந்தக் கைக்குக் காரணமே இல்ல. கண்ணுல பட்டா பிரிச்சு வெச்சுடுது. அப்புறம் அந்த எலிங்க. பேய்க்கு யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க, பதுங்குவாங்க. அதுங்க தெரிஞ்ச ஆளுக்கு எழுந்து நின்னுச்சு.” குடையை அவனிடம் கொடுத்தார். “கடைத்தெருவுக்குப் போய் ஒரு கூடை கொய்யா வாங்கிட்டு வா. பொறுக்காம வாங்கு.”

“பொறுக்காமலா? அழுகல் போட்டுடுவானே.”

“போடட்டும்.”

ஹாஜியாரின் அறையில் மேசை பெரியது. பழைய செலக்‌ஷன் மேசைதான். மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அடியில் மரம் நடுவில் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தது. எத்தனையோ கைகள் தடவித் தடவி உண்டான பள்ளம். வெளிச்சம் சாய்வாக விழும்போது அதில் யாரோ கை வைத்திருப்பது போலவே தெரியும். புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் டீ கிளாஸை வைக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியாது.

ஹாஜியார் வெள்ளை ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன். எதிரே சங்கீதா. கதவோரம் தபரேஸ். மதி குடையோடு வந்து கூடையை மேசையில் கவிழ்த்தான்.

“கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டாரு ஆபா. பொறுக்காம வாங்கின ஆளை ஆம்பூர்ல அவரு பார்த்ததே இல்லையாம். உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு.”

“எதுக்கு இதெல்லாம்?” என்றார் ஹாஜியார்.

“மழைக்கு நல்லது. எடுத்துக்குங்க.” அஃப்ஸர் ஜஹான் உட்கார்ந்தார். “ஹாஜியார், உங்களுக்கு வேணுங்கற ஆதாரம் கிடைச்சிடுச்சு.”

ஹாஜியார் சங்கீதாவைப் பார்த்தார். சந்தோஷமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. “சொன்னேனே. இன்னா செஞ்சா?”

அஃப்ஸர் ஜஹான் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். அவசரமே இல்லை. எலி வந்து இறங்குகிற விதம், கூண்டு, ஒரு வாரம், மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று, ஆலை எரிந்த கதையைக் கம்பெனிக்கு எழுதுகிறவர் போல ஒவ்வொன்றாக வைத்தார். சங்கீதா கைக்கு அருகில் கிடந்த ஒரு கொய்யாவைப் பார்க்காமல் எடுத்து, கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். காக்கை கொத்திய கொய்யா அது. அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. தபரேஸ் ஜின் நினைப்பில் எதையும் தொடவில்லை. மதி மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தான்.

“ஆக, யாரோ நல்ல எலிங்களைப் பொறுக்கி மேல வெச்சிருக்காங்க,” என்று முடித்தார்.

“யாரோ இன்னா யாரோ? இவதான்!” ஹாஜியார் குரல் உயர்ந்தது. “நான் நம்பி விட்டேன்மா. உங்கம்மா செல்லம்மாள் நம்ம பழைய டேனரியில வேலை செஞ்சவங்கன்னு நம்பி விட்டேன். என் பேரைக் கெடுத்துட்ட இல்ல?”

“நான் இல்ல ஹாஜியார்.”

“பின்ன யாரு? ஜின்னா?”

“ஹாஜியார்,” என்றார் அஃப்ஸர் ஜஹான். “உங்க கையைக் கொஞ்சம் பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள்.

குவியலாகக் கொட்டிய கொய்யா இப்போது குவியலாக இல்லை. மூன்று வரிசையாக நின்றது. பழுதில்லாத பழங்கள், காம்பில் இலையோடு, பார்க்க வந்தவர்கள் பக்கமாக முன்னால். புள்ளி விழுந்தவை அடுத்து. அடிபட்டவையும் கொத்தியவையும் மேசையின் ஓரத்தில், அவர் மடிக்கு அருகே, கண்ணில் படாதபடி. கடைசிக் கொய்யா ஒன்று ஹாஜியார் கையில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் வட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஹாஜியார் வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலத் தன் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது. கை மெல்ல நீண்டு, அந்தக் கொய்யாவை இரண்டாவது வரிசையில் வைத்தது.

தபரேஸ் கழுத்துத் தாவீஸைப் பிடித்துக்கொண்டான்.

“யா அல்லாஹ்,” என்றார் ஹாஜியார்.

கொய்யா வரிசையைப் பார்த்தபடி அவரே பேசினார்.

“சின்னப் பையனா இருக்கும்போதே வாப்பா இந்த மேசைக்கு முன்னால நிக்க வெச்சுட்டாரு. சமீருல்லா மேஸ்திரிதான் என் கையைப் புடிச்சுத் தோல் மேல தேய்ப்பாரு. நல்லது மேல, சுமார் கீழ. பார்க்க வர்றவன் கண்ணு முதல்ல மேலதான் விழும்னு சொல்வாரு.” உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “ஃபஜர் முடிஞ்சதும் அந்த ஹாலுக்குப் போவேன். எலிங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். நான் போனா எழுந்து நிக்கும். நொண்டி ஒண்ணு முன்னால உக்காந்திருந்தா கண்ணை உறுத்தும். பெரிய மனுஷங்க வர்ற இடம். மாத்தி வெச்சுட்டு வருவேன். அது இன்னா தப்புன்னு… நம்பர் போட்டப்புறம் நான் தொட்டதில்லம்மா. அது பேக் ஆன சரக்கு.”

“அப்ப மேஸ்திரிதான் வர்றாருன்னு நான் சொன்னது சரிதானே?” என்றான் தபரேஸ் கதவோரத்திலிருந்து.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மதிக்கே வரவில்லை. ஹாஜியார் மட்டும் வலது கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் வியாபாரி விழித்துக்கொண்டார். “சரி. நடந்தது நடந்து போச்சு. ஒண்ணு செய்யலாம். பெங்களூர்க்காரங்க வாங்கின எலி சரியில்ல, அவங்க செஞ்ச முறை சரியில்லன்னு சொல்லிடுறேன். நம்ம ஊர்ல எத்தனை தடவை வந்திருக்கு! பொண்ணு பேருக்கும் ஒண்ணும் வராது, என் பேருக்கும் ஒண்ணும் வராது. வேற ஊர்ல குடுத்துப் பார்க்கலாம். களிம்பு மேல போகும். நீ இன்னாம்மா சொல்றே?”

சங்கீதா கையிலிருந்த கொய்யாவை அப்போதுதான் பார்த்தாள். அதை மேசையில் வைத்தாள்.

அவள் மட்டும் ஆம் என்று சொன்னால் போதும். மாலை பஸ்ஸில் நல்ல பெயரோடு ஆலங்காயம் போகலாம். அஃப்ஸர் ஜஹான் அவளுக்கு உதவியாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாம்பலை மட்டும் கிளறுவார். தீயை அணைப்பது அவர் வேலையல்ல.

“எங்கம்மா விரல்லயும் அந்தப் புண்ணு இருந்துச்சு ஹாஜியார்,” என்றாள் சங்கீதா. “கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் ராத்திரியில எடுத்துட்டுப் போய்த் தடவிட்டேன். ஆறிடுச்சு.”

“பாரு! நான் சொல்லலை?”

“அந்த மாசம் அம்மா இப்ப வேலை செய்யற டேனரி மூடியிருந்துச்சு. அம்மா தண்ணியில கையே வைக்கலை.” கொய்யாவில் காக்கை கொத்திய இடத்தைத் தொட்டாள். “மருந்து ஆத்துச்சா, வேலை இல்லாதது ஆத்துச்சா? எனக்குத் தெரியல. நான் இன்னொரு விரலைச் சும்மா விட்டுப் பார்த்திருக்கணும். பார்க்கலை. ஆறினது போதும்னு அழுதுட்டு வந்துட்டேன். திறந்ததும் மறுபடி வேலைக்குப் போய்ட்டாங்க. ‘உன் மருந்து இருக்குதே’ன்னு இப்ப கையுறை போடாம தொட்டியில கை வைக்கிறாங்க. அவங்களைப் பார்த்துப் பக்கத்துல நிக்கிறவங்களும் போடறதில்ல.”

ஹாஜியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போன் அடித்தது.

மேசையின் பள்ளத்துக்கு மேலே கண்ணாடியில் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. மதி குனிந்து ஒலிபெருக்கியை அழுத்தினான். அழுத்தும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. பிறகு யாரும் திட்டவும் இல்லை.

“ஹாஜியார், வணக்கம்,” என்றது பெங்களூர் டாக்டரின் குரல். “விசாரிச்சீங்களா? அந்தப் பொண்ணு கணக்கை மாத்திட்டாங்களா?”

ஹாஜியார் சங்கீதாவைப் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற கொய்யாக்களைப் பார்த்தார். மடியிலிருந்த கையை எடுத்து, முன் வரிசையை மெல்லத் தள்ளினார். நல்லதும் கெட்டதும் ஒன்றோடொன்று உருண்டு கலந்தன. அப்படிச் செய்ய அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது அவர் தாடையில் தெரிந்தது.

“இல்ல டாக்டர். எலியைப் பொறுக்கினது நான்.”

“என்ன சொன்னீங்க?”

“நான்தான். பழக்கத்துல செஞ்சுட்டேன். நல்ல எலிக்கெல்லாம் மருந்து போச்சு, நோஞ்சானுக்கெல்லாம் வெறும் களிம்பு போச்சு. அந்தப் பொண்ணு எழுதினது ஒவ்வொண்ணும் உண்மை. எலிதான் உண்மையில்ல.”

மறுமுனையில், பெங்களூரிலும் மழை பெய்வது கேட்டது.

“அப்ப அந்த மருந்து வேலை செய்யுதா, இல்லையா?”

வாங்க வந்தவன் கேட்ட கேள்விக்கு ஹாஜியார் பதில் இல்லாமல் நின்றதே இல்லை. இத்தாலிக்காரன் கேட்டபோதும் நின்றதில்லை, ஜெர்மன்காரன் கேட்டபோதும் நின்றதில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் தயாராக இருக்கும் வாய் அது. இப்போது அந்த வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. சங்கீதா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது,” என்றார் ஹாஜியார்.

“மறுபடி செய்வீங்களா?”

“செய்வோம். சீட்டுப் போட்டு. எது எதுன்னு தடவுறவங்களுக்கே தெரியாம. நான் அந்த ஹால் பக்கமே போக மாட்டேன்.”

“அந்தப் பொண்ணு அங்க இருக்காங்களா?”

“இருக்கு.”

“போனை அவங்ககிட்ட குடுங்க. எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்கணும். இங்க நாங்களும் அதே நாள்ல ஆரம்பிக்கலாம்.”

ஹாஜியார் போனை எடுத்து நீட்டினார். சங்கீதா எழுந்து, கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.

“ஹலோ,” என்றாள். குரல் வரவில்லை.

மறுபடி சொன்னாள். வந்தது.